ஆண்டுக்குக் கால் குருவி

டைமர் அடித்துப் பத்து விநாடிகூட ஆகியிருக்காது. சாலைக்கு வலப்பக்கம் இருந்த ஓக் மரங்களுக்குள்ளிருந்து அது பாடியது. ஈ... ஓ... லே. கடைசியில் கண்ணாடி வளையலைக் குலுக்கினாற்போல ஒரு சிலிர்ப்பு. காருக்குள் மடியில் கிளிப்போர்டோடு உட்கார்ந்திருந்த அம்மா, கட்டத்துக்குள் ஒரு கோடு இழுக்கப் போனாள்.

"போடாதம்மா. நேரம் முடிஞ்சிட்டு."

"முடிஞ்சா என்னட்டி? பாடுதுல்லா. உன் காதுல விழுந்துச்சா இல்லியா?"

"விழுந்துச்சு. மூணு நிமிஷத்துக்குள்ள விழல."

அம்மா முப்பத்து நாலு வருஷம் டீச்சராக இருந்தவள். பிரேயர் மணி அடித்த பிறகு மூச்சிரைக்க ஓடிவந்த எத்தனையோ பிள்ளைகளுக்கு ஆஜர் போட்டிருக்கிறாள். "லேட்டா வந்தாலும் வந்தது வந்ததுதானே?" என்றாள். நான் காரைக் கிளப்பினேன். ஸ்டாப் 31-க்கான அந்தக் கட்டம் காலியாகவே இருந்தது. அடுத்த ஸ்டாப்புக்குப் போகும் அரை மைலும் அம்மா என்னோடு பேசவில்லை.

இது 2022 ஜூனில், ஆண்டுதோறும் நான் போகும் பறவைக் கணக்கெடுப்பின்போது நடந்தது. மேரிலாந்து மாநிலத்தில் கடாக்டின் மலையடிவாரத்தை ஒட்டிப் போகும் கிராமத்துச் சாலை ஒன்றில். ஆறு மாதத்துக்கு வந்திருந்த அம்மாவுக்குப் பகலெல்லாம் வீட்டுக்குள் அடைந்து கிடந்து சலித்துப்போயிருந்தது. "நாளைக்குக் காலைல மூணேகாலுக்கு எந்திரிக்கணும், வாரியா?" என்று கேட்டதும், "திருச்செந்தூருக்குக் கிளம்புற மாதிரில்லா இருக்கு" என்று சொல்லி இட்லியும் மிளகாய்ப்பொடியும் கட்டிக்கொண்டு வந்துவிட்டாள். எழுதிக்கொடுக்க ஓர் ஆளைக் கூட்டிப்போகலாம், அதற்கு விதியில் இடம் உண்டு. பறவையைக் கண்டுபிடித்துச் சொல்ல மட்டும் அந்த ஆள் உதவக்கூடாது. அம்மாவுக்கு அந்த இரண்டாம் பாதி பிடிக்கவே இல்லை.

பாடிய குருவிக்கு இங்கே உட் திரஷ் என்று பெயர். தமிழில் பெயர் இல்லை. நம் பக்கம் வராத பறவைக்கு யார் பெயர் வைப்பார்கள்? நம் ஊர்ப் பறவைப் புத்தகங்கள் திரஷ்களைப் பூங்குருவி என்கின்றன. குற்றாலத்து மலையில் ஓடைப் பக்கம் விடியற்காலையில் வேலைவெட்டி இல்லாத பையன் மாதிரி சீட்டியடித்துக்கொண்டிருக்குமே சீகாரப் பூங்குருவி, அதன் பெயரை வைத்து நானே இதைக் காட்டுப் பூங்குருவி என்று அழைக்க ஆரம்பித்தேன். (சீகாரப் பூங்குருவியை இப்போது திரஷ் குடும்பத்திலிருந்தே தூக்கி ஈப்பிடிப்பான்களோடு சேர்த்துவிட்டார்கள். அது வேறு கதை.) மைனாவைவிடக் கொஞ்சம் சிறியது. முதுகு இலவங்கப்பட்டை நிறம். வெள்ளை நெஞ்சில் மையைத் தொட்டுத் தொட்டு வைத்தாற்போல வட்டப் புள்ளிகள். காட்டுக்குள் உதிர்ந்த இலைகளை அலகால் ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டு, நாலு தத்து தத்திவிட்டு நின்று கேட்கும். பார்ப்பதற்கு அப்படி ஒன்றும் பெரிதாக இல்லை. பாட வேண்டும், அப்போதுதான் தெரியும். பறவைகளின் குரல்பெட்டிக்கு இரண்டு பக்கம் உண்டு. இது இரண்டையும் தனித்தனியாக இயக்கி ஒரே சமயத்தில் இரண்டு சுரம் பாடும். முதல் முறை கேட்டபோது அம்மா, "ரெண்டு பேரு வாசிக்கிற மாதிரில்லா இருக்கு" என்றாள். யாரும் சொல்லிக்கொடுக்காமலே கண்டுபிடித்துவிட்டாள். அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனின் அதிகாரபூர்வப் பறவையும் இதுதான். தலைநகரிலேயே இன்று இதைக் கேட்க ஒரு பெரிய பூங்காவைத் தேடித்தான் போக வேண்டும்.

சரி, மூன்று நிமிட விதிக்கு வருவோம்.

அதன் பின்னால் இருப்பவர் சாண்ட்லர் ராபின்ஸ். மேரிலாந்தின் பட்டக்ஸன்ட் காட்டுயிர் ஆய்வு மையத்தில் வேலை பார்த்தவர். 1956-ல் பசிபிக் கடலின் நடுவே மிட்வே தீவில் ஓர் ஆல்பட்ராஸ் பறவைக்குக் காலில் வளையம் மாட்டினார்; விஸ்டம் என்று பின்னால் உலகப் புகழ் பெற்ற அந்தக் கிழட்டுப் பறவை 2017-ல் அவர் 98 வயதில் இறந்த பிறகும் முட்டையிட்டுக்கொண்டிருந்தது. 1960களின் தொடக்கத்தில் டிடிடி மருந்தடித்த ஊர்களில் ராபின் பறவைகள் புல்தரையில் செத்துக் கிடந்தன. நாடு முழுக்க ராபின்கள் குறைகின்றனவா என்று மக்கள் கேட்டார்கள். பதில் சொல்ல அவரிடமும் ஒன்றும் இல்லை, வேறு யாரிடமும் இல்லை. ஒரு கண்டத்தின் பறவைகள் கூடுகின்றனவா குறைகின்றனவா என்று சொல்ல ஓர் அளவுகோலே கிடையாது. மேரிலாந்திலும் டெலவேரிலும் ஒத்திகை பார்த்துவிட்டு, 1966-ல் இனப்பெருக்கப் பறவைக் கணக்கெடுப்பைத் தொடங்கினார். இன்று அமெரிக்காவிலும் கனடாவிலுமாக 4,000-க்கு மேல் ரூட்கள் இருக்கின்றன. என்னுடையது அதில் ஒன்று.

ஒரு ரூட் என்றால் 24.5 மைல் சாலை. அரை மைலுக்கு ஒன்றாக 50 ஸ்டாப். சூரியன் உதிக்க அரை மணி நேரம் இருக்கும்போது முதல் ஸ்டாப்பில் நிற்க வேண்டும். இறங்கி மூன்று நிமிடம். கால் மைல் சுற்றளவுக்குள் கண்ணில் படுவது, அதற்கும் மேலாகக் காதில் விழுவது எல்லாவற்றையும் எழுத வேண்டும். பதிவு செய்த குரலைப் போட்டுக் காட்டிக் கூப்பிடக்கூடாது. உஸ் உஸ் என்று வாயால் ஒலி எழுப்பி வரவழைக்கக்கூடாது. பலத்த காற்று, மழை என்றால் திரும்பிவிட வேண்டும். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் எத்தனை வண்டி கடந்தது என்றுகூட ஒரு கட்டம் உண்டு. ஆண்டுக்கு ஒரே ஒரு காலை, ஜூன் மாதத்தை ஒட்டி. அவ்வளவுதான். முடிக்கும்போது மணி பத்தாகிவிடும், மூத்திரப்பை வெடித்துவிடும்போல இருக்கும்.

கேட்கிறவர்களுக்கு இதெல்லாம் அசட்டுத்தனமாகத் தோன்றும். காட்டுக்குள் போகாமல் சாலையோரத்தில் நின்று, மூன்று நிமிடத்தில் காதில் விழுந்ததை வைத்துக்கொண்டு என்ன எண்ணிக்கை சொல்ல முடியும்? சொல்ல முடியாதுதான். அங்கே எத்தனை குருவி இருக்கிறது என்று யாரும் இதை வைத்துச் சொல்வதும் இல்லை. பாபநாசம் அணையின் நீர்மட்டம் இத்தனை அடி என்று தினமும் பேப்பரில் வரும். அப்பா காப்பி குடித்துக்கொண்டே அதை முதலில் பார்ப்பார். அணைக்குள் எத்தனை குடம் தண்ணீர் இருக்கிறது என்று அந்த எண் சொல்லாது. நேற்றைவிட ஏறியதா இறங்கியதா என்று சொல்லும். அளவுக்கல்லை யாரும் நகர்த்தாமல் இருந்தால் மட்டும் சொல்லும். மூன்று நிமிடம் என்பது அந்தக் கல். பத்து விநாடி கழித்துப் பாடிய குருவிக்கு இடம் கொடுத்தால் அடுத்த ஆண்டு இருபது விநாடி, அதற்கடுத்த ஆண்டு "பாடும்போல இருக்கு, கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்." கல் மெதுவாக நகர்ந்துவிடும்.

நான் ரூட்டை எடுத்த 2014-ல் காட்டுப் பூங்குருவி ஒன்பது. அடுத்த ஆண்டு பதினாலு. அப்புறம் பதினொன்று, பதினாறு, பத்து. முதல் இரண்டு ஆண்டை வைத்து ஒருவர் கட்டுரை எழுதினால் குருவி பெருகுகிறது என்பார். கடைசி இரண்டை வைத்து எழுதினால் அழிகிறது என்பார். இரண்டுமே கிடையாது. ஓர் ஆண்டு மூடுபனி இருந்தது, ஓர் ஆண்டு ஸ்டாப் 8-லிருந்து 12 வரை ஒரு பால் லாரி என்னோடு கூடவே வந்தது, ஓர் ஆண்டு நான் போன நாளில் பாதி ஜோடிகள் குஞ்சுக்கு இரை தேடிக்கொண்டு வாயை மூடியிருந்தன போலிருக்கிறது.

1966-லிருந்து இந்தக் கணக்கெடுப்பு காட்டும் போக்கு, ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்றேகால் வாக்கில் சரிவு. கேட்டால் ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கிறது. ஒரு ரூட்டில் இருபது குருவி இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு ஒன்றேகால் சதவீதம் என்றால் கால் குருவி. ஐம்பது ஸ்டாப்பில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாலும் கால் குருவி குறைந்ததை யாராலும் கேட்க முடியாது. அதே கால் குருவி ஐம்பத்து சொச்சம் ஆண்டில் இருபதைப் பத்தாக்கிவிடுகிறது. 1970-க்குப் பிறகு வட அமெரிக்கா இழந்த பறவைகள் ஏறக்குறைய 290 கோடி என்று 2019-ல் சயன்ஸ் இதழில் ஓர் ஆய்வு வந்தது. அந்தத் தொகையின் பெரும்பகுதி இப்படிக் கால் கால் குருவியாகச் சேர்ந்ததுதான். எண்ணினவர்களில் எத்தனையோ பேர் தங்கள் ரூட்டில் பெரிதாக ஒன்றும் மாறவில்லை என்றே நினைத்திருப்பார்கள்.

எனக்கு முன்னால் இந்த ரூட்டை இருபத்தேழு ஆண்டு ஓட்டியவரும் அப்படித்தான் நினைத்தார். ஓய்வுபெற்ற தபால்காரர். ஒப்படைப்பதற்கு முந்தைய மே மாதம், எனக்கு ஸ்டாப்களைக் காட்டிக்கொடுக்கத் தன் பழைய டிரக்கில் ஏற்றிக்கொண்டு போனார். "மெயில்பாக்ஸைத் தாண்டி மூன்றாவது மேப்பிள்", "பாலம் தாண்டி, மாடு நிற்கும் இடம்" என்று அவர் கைப்பட எழுதிய தாள் ஒன்று இருந்தது. அதற்கும் முன்னால் இருந்தவரின் கையெழுத்தும் அதில் பாதிக்கு மேல். ஏன் விடுகிறீர்கள் என்று கேட்டேன். வண்டியை ஒரு புல்வெளி ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்தார். "என்ன கேட்கிறது?" என்றார். கிராஸ்ஹாப்பர் ஸ்பாரோ ஒன்று வேலிக்கம்பியில் உட்கார்ந்து, வெட்டுக்கிளி மாதிரி மெலிசாக இழுத்துக்கொண்டிருந்தது. சொன்னேன். "எனக்கு அதன் வாய் திறப்பது தெரிகிறது. அவ்வளவுதான்" என்றார்.

வயதாக ஆக முதலில் போவது உச்சஸ்தாயி. அந்த ஸ்பாரோ, சீடர் வேக்ஸ்விங், கருப்பு வெள்ளை வார்ப்ளர் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஒரு மனிதரின் உலகத்திலிருந்து கழன்றுகொள்ளும். காட்டில் அவை இருக்கும், தாளில் இருக்காது. கணக்கெடுப்பவர் தன் காது குறைவதை அறியாமல் எழுதிக்கொண்டே போனால், அவருடைய முதுமை ஒரு பறவையினத்தின் சரிவாகப் பதிவாகிவிடும். அவர் யாரும் சொல்லாமலே விட்டார். காட்டுப் பூங்குருவியின் குரல் நடுஸ்தாயியில் இருப்பதால் அது மட்டும் அவருக்குக் கடைசிவரை கேட்டது. அதையாவது தொடர்ந்து எண்ணிக்கொடுக்கலாமே என்று நான் கேட்டதற்குச் சிரித்தார். "எல்லாவற்றையும் கேட்கிறவன்தான் எதையும் எண்ணலாம்."

கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார்: "முதல் வருஷம் உனக்குக் குறைவாகத்தான் வரும். கவலைப்படாதே, கணக்குப் போடுகிறவர்களுக்கு அது தெரியும்." அப்போது புரியவில்லை. பின்னால் படித்தேன். புதிதாக ரூட் எடுத்தவர்கள் முதல் ஆண்டில் கொஞ்சம் குறைவாகவே எண்ணுகிறார்கள் என்பது தரவிலேயே தெரிகிற விஷயம். பட்டக்ஸன்டில் ஜான் சாவர், வில்லியம் லிங்க் என்று இரண்டு புள்ளியியல் ஆட்கள் உருவாக்கிய கணித மாதிரியில் குருவிக்கு ஒரு கணக்கு உண்டென்றால் குருவியை எண்ணுகிற ஆளுக்கும் ஒரு கணக்கு உண்டு. ஒவ்வொரு ஆளின் காதும் எவ்வளவு கேட்கும், முதல் ஆண்டுத் தடுமாற்றம் எவ்வளவு என்பதையெல்லாம் பிரித்தெடுத்த பிறகுதான் மிச்சம் இருப்பதைப் போக்கு என்கிறார்கள். என் ஒன்பது குருவி அங்கே ஒன்பதாக நுழைவதே இல்லை. "இந்த ஆள், முதல் ஆண்டு, ஒன்பது" என்று நுழைகிறது. இதைப் படித்த அன்று கொஞ்சம் அவமானமாகவும் நிறைய நிம்மதியாகவும் இருந்தது.

ஸ்டாப் 17 பற்றிச் சொல்ல வேண்டும். தாளில் அதற்கு எதிரே "சிவப்புக் களஞ்சியத்துக்கு நேர் எதிரே" என்று எழுதியிருக்கிறது. எந்தக் காலத்திலோ ஒருவர் எழுதியது. களஞ்சியம் இல்லை. நான் வந்தபோதே இல்லை. ஆனால் அதன் பின்னால் ஆறேழு ஏக்கர் காடு இருந்தது. துலிப் பாப்லரும் ஓக்கும், கீழே ஆள் உயரத்துக்கு ஸ்பைஸ்புஷ். அதில் ஆண்டுதோறும் இரண்டு காட்டுப் பூங்குருவிகள் எதிரெதிரே நின்று லாவணி மாதிரி பாடும். ஒரு தடவை, கணக்கெடுப்பு முடிந்து வேறொரு நாள், உள்ளே நடந்து போய்க் கூட்டைப் பார்த்தேன். என் தலைக்குச் சற்று மேலே ஒரு கிளைக்கவட்டில். மண் குழைத்துப் பூசிய கிண்ணம், வெளியே காய்ந்த இலைகள், ஒரு பக்கம் மளிகைக்கடைப் பிளாஸ்டிக் பையின் கிழிசல் தொங்கியது. வெளுப்பாக எது கிடைத்தாலும் செருகிக்கொள்ளும் பழக்கம் இதற்கு உண்டு. எட்டிப் பார்க்கவில்லை. போனை மட்டும் உயர்த்தி ஒரு படம். மயில்கழுத்துப் பச்சைநீலத்தில் மூன்று முட்டை, புள்ளி ஒன்றுகூட இல்லை.

2018-ல் அங்கே வீடுகள் வந்தன. இருபத்து மூன்று வீடு, வளைவான ஒரு சாலை, நுழைவாயிலில் ஓக் இலை போட்ட பெயர்ப்பலகை. அந்த ஜூன் ஸ்டாப் 17-ல் மூன்று நிமிடம் நின்றேன். ராபின், வீட்டுச் சிட்டுக்குருவி, ஒரு ஏசி யூனிட்டின் உறுமல். முந்நூறு அடி தள்ளிப்போனால் சாலைக்கு மறுபக்கம் இன்னொரு காட்டுத்துண்டு இருக்கிறது. அங்கிருந்து ஈ-ஓ-லே வருவது, வண்டியை எடுக்கும்போது ஜன்னல் வழியாக நன்றாகவே கேட்டது. ஸ்டாப்பைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தால் என்ன? யாருக்குத் தெரியும்? தாளிலேயே "களஞ்சியத்துக்கு எதிரே" என்றுதானே இருக்கிறது, இல்லாத களஞ்சியம் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாமே. இதை நான் உண்மையிலேயே யோசித்தேன். ஒரு முழு நிமிடம் யோசித்தேன். குருவி இருக்கும் இடத்துக்கே எண்ணுகிறவர்களும் நகர்ந்துகொண்டே போனால், கடைசிக் காடு இருக்கும்வரை எல்லா ஆண்டும் ஒரே எண்தான் வரும். வரைபடம் நேர்க்கோடாக அழகாக இருக்கும். காலி இடத்தில் நின்று காலி என்று எழுதுகிற ஆள் வேண்டும். ஏசி உறுமலுக்கு எதிரே அன்று முதல் நான்தான் அந்த ஆள்.

ஆனால் வீடு வந்ததால்தான் குருவி போயிற்று என்று சொல்லிவிட முடியாது. முழுக் காடாக நிற்கிற இடங்களிலும் குறைகிறது. காரணம் என்ன என்று இந்தக் கணக்கெடுப்பு சொல்லாது, எங்கே எவ்வளவு என்று மட்டும் சொல்லும். காரணம் தேடுகிறவர்கள் வேறு ஆட்கள். டெலவேர் பல்கலைக்கழக வளாகத்துச் சிறு காட்டில் 1974-லிருந்து கூடு கூடாகப் பின்தொடர்ந்தார் ரோலண்ட் ராத். மத்திய மேற்கு மாநிலங்களில், துண்டு துண்டான காடுகளில், பெரும்பாலான கூடுகளில் கவ்பேர்ட் என்ற பறவை வந்து முட்டையிட்டுவிட்டுப் போவதைக் கண்டார்கள். குயிலும் காக்கையும் மாதிரிதான். ஆனால் காக்கைக்கு உடம்பு தாங்கும், இந்தச் சின்னக் குருவிக்குத் தன் குஞ்சுகளுக்கு ஊட்ட இரை மிஞ்சுவதில்லை. அப்படிப்பட்ட காட்டிலும் ஆண் பறவை கிளையில் உட்கார்ந்து நன்றாகத்தான் பாடும். நானும் ஒன்று என்று எழுதுவேன். அந்த ஒன்று, போன ஆண்டு வேறொரு பெரிய காட்டில் பிறந்து இடம் தேடி வந்ததாக இருக்கலாம். இங்கே பிறந்தது எதுவும் இல்லாமலே கட்டத்தில் கோடு விழுந்துகொண்டிருக்கும்.

அமில மழை இன்னொரு காரணம். மண்ணில் இருக்கும் கால்சியத்தை அது கரைத்துவிடுகிறது. நத்தை குறைகிறது, முட்டை ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டிய பெண் குருவிக்குத் திண்டாட்டம். அமில மழை அதிகம் விழுகிற இடங்களில் இந்தக் குருவி கூடு கட்டும் வாய்ப்பு குறைவு என்று 2002-ல் கார்னெல் பல்கலைக்கழகத்துக்காரர்கள் காட்டினார்கள். அப்புறம் மான். மேரிலாந்தில் மான் என்றால் ஆடு மாதிரி. நான் போடும் அவரையும் வெண்டையும் அதற்குத்தான், எங்களுக்கு மிச்சம் இருந்தால் உண்டு. காட்டுக்குள்ளும் அதே கதை: இடுப்பு உயரத்துக்குக் கீழே ஒரு செடியை விடுவதில்லை. இந்தக் குருவி கூடு கட்டும் கன்றுகளும் புதர்களும் அந்த வாய்க்குத்தான் போகின்றன. தூரத்திலிருந்து பார்த்தால் காடு பச்சையாகத்தான் இருக்கும்.

இதெல்லாம் கோடைக்காலத்துக் கதை. இந்தக் குருவி ஆண்டில் பாதிக்கு மேல் இங்கே இருப்பதே இல்லை. செப்டம்பரில் கிளம்பி, பெரும்பாலானவை மெக்சிகோ வளைகுடாவைத் தாண்டி, தெற்கு மெக்சிகோவிலிருந்து பனாமா வரை உள்ள தாழ்நிலக் காடுகளில் குளிர்காலத்தைக் கழிக்கிறது. ஹோண்டுராஸ், நிகரகுவா. எந்தக் குருவி எங்கே போகிறது என்று 2007 வரை ஒருவருக்கும் தெரியாது. அந்த ஆண்டு பிரிட்ஜெட் ஸ்டச்பரி என்ற கனடா ஆய்வாளர், பென்சில்வேனியாவில் பதினாலு காட்டுப் பூங்குருவிகளின் முதுகில் குட்டிப் பை மாதிரி ஒரு கருவியைக் கட்டிவிட்டார். ஒன்றரை கிராம் எடை. அதற்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: எப்போது வெளிச்சம், எப்போது இருட்டு. உதய நேரமும் அஸ்தமன நேரமும் தெரிந்தால் பூமியில் எங்கே இருக்கிறாய் என்று கணக்குப் போட்டுவிடலாம். பழைய காலத்து மாலுமிக் கணக்குதான். ஆனால் அந்தக் கருவி எதையும் ஒலிபரப்பாது. அதே குருவியை மறு ஆண்டு அதே காட்டில் பிடித்துக் கழற்றினால்தான் உண்டு. ஐந்து கிடைத்தன. இலையுதிர் காலத்தில் ஆற அமர நின்று நின்று போனவை, வசந்தத்தில் இரண்டு முதல் ஆறு மடங்கு வேகத்தில் திரும்பியிருந்தன. ஊர்த் திருவிழாவுக்கு லீவு கிடைத்தவன் மாதிரி.

ஆக, ஸ்டாப் 31-ல் பாடாமல் போன ஒரு குருவி ஹோண்டுராஸில் காடு வெட்டி மேய்ச்சல் நிலமான இடத்தில் பட்டினியில் செத்திருக்கலாம். வளைகுடாவுக்கு மேல் புயலில் விழுந்திருக்கலாம். ஏதோ ஒரு கட்டடத்தின் கண்ணாடியில் மோதியிருக்கலாம். அல்லது பத்து விநாடி கழித்துப் பாடியிருக்கலாம்.

இட்லி சாப்பிட்டது கடைசி ஸ்டாப்பில், ஒரு பெட்ரோல் பங்கின் ஓரமாக வண்டியை நிறுத்தி. அம்மா அதற்குள் சமாதானமாகியிருந்தாள். "நம்ம ஊர்ல இப்படி எண்ணிருந்தா சிட்டுக்குருவி போறதுக்கு முன்னாலயே தெரிஞ்சிருக்கும்லா. செல்போன் டவர் வெச்சதுல எல்லாம் போச்சு" என்றாள். நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். 2020-ல் இந்தியப் பறவைகளின் நிலை பற்றி வந்த அறிக்கையில், பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கொடுத்த பட்டியல்களை வைத்துப் பார்த்ததில், நாடு முழுக்க வீட்டுச் சிட்டுக்குருவி கால் நூற்றாண்டாக ஏறக்குறைய அப்படியேதான் இருக்கிறது, சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில்தான் குறைந்திருக்கிறது என்று சொன்னார்கள், டவருக்கு ஆதாரம் இல்லை என்று சொன்னேன். அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நம்ம வீட்டு உத்தரத்துல கூடு இருந்துச்சுல்லா? இப்ப இருக்கா?"

இல்லை. உத்தரமே இல்லை. 2003-ல் ஓட்டு வீட்டை இடித்துக் கான்கிரீட் போட்டோம். அதைச் சொன்னதும் அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்போ வீட்ட இடிச்ச நாந்தான் காரணம்ங்கிறியா" என்றாள். அப்படிச் சொல்லவில்லை என்றேன். ஒரே ஒரு உத்தரத்தை வைத்துக்கொண்டு ஒரு நாட்டைப் பற்றிச் சொல்ல முடியாது என்றுதான் சொல்ல வந்தேன். ஆனால் காலை பத்து மணிக்கு, மூன்றேகாலுக்கு எழுந்த தாயிடம் சொல்கிற விஷயம் இல்லை அது. அந்த அறிக்கைக்கும் ஒரு குறை உண்டு. 1966-ல் தொடங்கிய கல் நம்மிடம் இல்லை. யார் யாரோ எங்கெங்கோ போனபோது எழுதிய பட்டியல்களில், நூற்றுக்கு எத்தனை பட்டியலில் இந்தப் பறவை இருந்தது என்று பார்த்துப் போக்கைக் கண்டுபிடிக்கிறார்கள். கெட்டிக்காரத்தனமான வழிதான். ஆனால் பத்து ஆண்டுக்கு முந்தைய பட்டியல்களே அதில் கொஞ்சம். பொங்கலுக்குத் தமிழ்நாட்டில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் ஒரே குளத்தை, ஒரே மாதிரி, ஆண்டுதோறும் எண்ணுகிற சிலரைப் பார்க்கும்போது எனக்கு அதனால்தான் பொறாமையாக இருக்கும். இன்னும் நாற்பது ஆண்டில் அவர்கள் தாள் எப்பேர்ப்பட்ட சொத்து!

நடுவில் 2020 ஜூனில் கொரோனாவால் கணக்கெடுப்பையே ரத்து செய்துவிட்டார்கள். யாரும் போகக்கூடாது என்று மின்னஞ்சல். பழக்கத்தில் அந்த நாள் மூன்றேகாலுக்கு விழித்துவிட்டேன். பின்வாசலில் உட்கார்ந்தேன். வண்டிச் சத்தமே இல்லாத அந்த ஜூனில் பக்கத்துக் காட்டிலிருந்து நான்கு காட்டுப் பூங்குருவி கேட்டது. அந்த ஆண்டுக்கு எதிரே என் ரூட்டில் ஒன்றும் இல்லை. பூஜ்யம்கூட இல்லை, வெறும் இடைவெளி.

போன மாதம் காது பரிசோதனைக்குப் போனேன். கண்ணாடிக் கூண்டுக்குள் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொல்வார்கள். ரொம்ப நேரம் ஒன்றும் வரவில்லையே என்று உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்தபோது வரைபடத்தைக் காட்டினார்கள். வலப்பக்கக் கடைசியில் கோடு கீழே இறங்கத் தொடங்கியிருந்தது. "பேச்சு கேட்பதற்கு ஒரு பிரச்சினையும் இல்லை, உங்கள் வயதுக்கு நார்மல்" என்றார் அந்தப் பெண். எட்டாயிரம் ஹெர்ட்ஸில் எவ்வளவு என்று கேட்டேன். எதற்கு என்று கேட்டார். கிராஸ்ஹாப்பர் ஸ்பாரோ என்றேன்.

இன்னும் இரண்டு ஆண்டு ஓட்டலாம், மூன்று முடியாது. வேலையிடத்தில் பறவை பார்க்கிற ஒரு பெண் இருக்கிறாள், இருபத்தாறு வயது, வெளவால் கத்துவதைக்கூடக் கேட்பாள்போல. அவளுக்காக அந்தத் தாளை நகலெடுத்துத் திருத்தி எழுத உட்கார்ந்தேன். ஸ்டாப் 17. "சிவப்புக் களஞ்சியத்துக்கு நேர் எதிரே" என்ற வரியை அடிக்க மனம் வரவில்லை. அதன் கீழே எழுதினேன்: "களஞ்சியம் இல்லை. ஓக் இலை போட்ட பெயர்ப்பலகைக்குத் தெற்கே, இரண்டாவது மின்கம்பம். ஏசி சத்தம் அதிகம். வலப்பக்கம் தள்ளி ஒன்று பாடும், அது கால் மைலுக்குள்தான் இருக்கிறது, கேட்டால் எழுதலாம். அங்கே நகர்ந்து போய் நிற்காதே."